வெள்ளைக் குதிரைக்கு யார் என்ன கொடுத்தார்கள்

குதிரையேற்ற வகுப்பின் மூன்றாவது சனிக்கிழமை காலையில்தான் அந்தப் போத்தலைக் கண்டேன். மண்ணிறக் கண்ணாடி, அரிஷ்டம் வரும் அளவு. குதிரைக் கொட்டிலின் பின்பக்கத்தில் பயிற்றுநர் வெள்ளைக் குதிரையின் தலையை ஒரு கையால் உயர்த்திப் பிடித்து, மற்றக் கையால் அதன் கடைவாய்க்குள் போத்தலைச் சரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் போத்தல் அவருடைய முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"என்ன நானா அது?"

"தண்ணி, மிஸ்."

குதிரையின் காலடியில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் இருந்தது.

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். கண்டதைக் கண்ட நேரத்தோடு எழுதிவைப்பது தொழில் தந்த பழக்கம். கொப்பியை எடுத்து எழுதினேன்: காலை 7.10. மண்ணிறப் போத்தல். "தண்ணி" என்றார். மறைத்தார்.

அக்காவின் மகளுக்கு ஏழு வயது; நானும் அவளை மகள் என்றே கூப்பிடுவேன். போன வருடம் சைக்கிளில் இருந்து விழுந்து இடது முழங்கையை முறித்துக்கொண்டாள். எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டது. ஆனால் அதன்பிறகு அசைகிற எதிலும் அவள் ஏறவில்லை. சைக்கிளைத் தொடமாட்டாள். பள்ளிக்கூடத்து ஊஞ்சலில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். மோட்டார் சைக்கிளில் அக்காவுக்கும் எனக்கும் நடுவில் நெருக்கி வைத்தால் மட்டும், கண்ணை மூடிக்கொண்டு வருவாள். எட்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் தாராபுரத்துப் பக்கம் போகும்போது, பனையோலை வேலிக்குள் ஒரு வெள்ளை மட்டக்குதிரை நின்றதைக் கண்டு, "அதில நான் ஏறுறன்" என்றாள். அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அடுத்த சனிக்கிழமையே அவளைச் சேர்த்துவிட்டோம். அக்காவுக்குச் சனிக்கிழமைகளில் ரியூசன் வகுப்பு. ஆகவே கூட்டிப்போவது என் பொறுப்பு.

இதில் இருந்தும் அவள் விழுந்தால் மூன்றாவதாக ஒன்றில் ஏறமாட்டாள் என்று எனக்குத் தெரியும். வகுப்பு நின்றுபோனாலும் அதே கதைதான். அந்தப் போத்தலைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்த கணக்கு இதுதான்.

பயிற்றுநர் எருக்கலம்பிட்டிக்காரர். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்ப் புத்தளத்தில் வளர்ந்தவர். பிறகு கட்டாரில் பதினாலு வருடம் குதிரை லாயத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். இரண்டே குதிரைகள். மண்ணிறக் குதிரை பெரிய பிள்ளைகளுக்கு. வெள்ளைக் குதிரை எங்கள் நான்கு புதுப் பிள்ளைகளுக்கு, ஆளுக்குக் கால் மணித்தியாலம். எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றே கூப்பிட்டோம்.

முதல் நாள் பெற்றோரை வரிசையில் நிறுத்தி நான்கு விடயம் சொன்னார். சப்பாத்துக் கயிறு கட்டியிருக்க வேணும். குதிரைக்குப் பின்னால் போகக் கூடாது. கத்தக் கூடாது. "நாலாவது, குதிரைக்கு ஒண்டும் தீத்தக் கூடாது. ஒரு பருக்கைகூட." நான்கையும் எழுதிக்கொண்டேன். நான்காவதை எழுதும்போதே அதை நம்பவில்லை. எங்கள் தீவில் வீதி முழுக்கக் கழுதைகள். பாணைப் பையோடு தின்னும், கல்யாண அழைப்பிதழையும் தின்னும். ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டிய விளம்பரத்தைக் கிழித்துத் தின்றுவிட்டு அதே சுவரில் முதுகு தேய்த்த கழுதையை நானே கண்டிருக்கிறேன். இவற்றைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் நான்கு கால் பிராணிக்குச் சாப்பாடு ஒத்துவராது என்றால் யார் கேட்பார்கள்? வெளிநாட்டு லாயத்துப் பெருமை என்று நினைத்தேன்.

மகள் ஏறுமுன் பார்க்கவேண்டியவை என்று எனக்கு ஒரு பட்டியல் இருந்தது. ஹெல்மெட் வார். சப்பாத்து. குதிரையின் வயிற்றுவாரில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. கால் வைக்கும் அங்கவடி இரண்டும் ஒரே நீளம். நடத்தும் கயிறு நானாவின் கையில். ஆறாவது, மகள் மூன்று முறை மூச்சை இழுத்து விடுவது. ஏழாவதை எழுதவில்லை. ஓலைக் குட்டானில் வரும் பனங்கட்டியில் ஒரு துண்டை உள்ளங்கையில் மறைத்து, நானா கயிற்றைச் சரிசெய்கிற நேரம் பார்த்துக் குதிரையின் வாய்க்குள் வைத்துவிடுவேன். யாரோ வெள்ளைக்காரப் பெண் சீனிக்கட்டி கொடுப்பதை வீடியோவில் பார்த்திருந்தேன். இனிப்புத் தந்தவளின் பிள்ளையைக் குதிரை விழுத்தாது என்பதற்கு என்னிடம் வேறு ஆதாரம் இருக்கவில்லை.

நான்காவது சனிக்கிழமை குதிரையை ஊன்றிக் கவனித்தேன். கீழ் உதடு தொங்கியது. இமை பாதி மூடியிருந்தது. ஒரு பின்னங்காலைச் சரித்து, நுனிக்குளம்பில் நின்றது. அரைச் சுற்றுக்கு ஒருமுறை தானாக நின்றுவிட்டது.

மற்றப் பெற்றோருக்கு அது பெரிய நிம்மதி. மகனைக் கூட்டிவரும் எருக்கலம்பிட்டித் தாய் சிரித்துக்கொண்டு நின்றார். "என்ன சாதுவான சீவன்! எங்கட வீட்டு மனிசனைவிடச் சாது," என்றார் கடற்கரைப் பக்கத்துத் தாய். அவருடைய கணவர் மீன்பிடிக்கிறவர். நானாட்டான் பக்கத்து வயல்களில் இருந்து மகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவரும் கமக்காரத் தகப்பன் மட்டும் தாடையைச் சொறிந்தார். "மாடு இப்பிடி நிண்டா நாங்கள் வைத்தியருக்குப் போன் அடிப்பம். குதிரை வேற போல."

வீட்டுக்கு வந்து தொலைபேசியில் தேடினேன். மயக்கமருந்து கொடுத்த குதிரையின் அறிகுறிகள்: தொங்கும் உதடு, பாதி மூடிய கண், சரிந்த கால், மந்த நடை. நான்கும் பொருந்தின. ஒரு அறிகுறி ஒன்றையும் காட்டாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான்கும் ஒரு மறைத்த போத்தலும் சேர்ந்தால்? பிள்ளைகள் விழாமல் இருக்க, பெற்றோர் விட்டுப்போகாமல் இருக்க, குதிரையை அரைத்தூக்கத்தில் வைத்திருக்கிறார் என்று முடிவுகட்டினேன். அப்படி நிற்கிற குதிரை ஒருநாள் கால் தடக்கி விழும், முதுகில் ஒரு பிள்ளையோடு. அவர் முஸ்லிமாக இல்லாமல் எங்கள் கோயிற்பற்றுக் கிறிஸ்தவராக இருந்திருந்தால் அந்தத் "தண்ணி"யை நேரம் போட்டு எழுதியிருப்பேனா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அப்போது கேட்கவில்லை.

ஐந்தாவது சனிக்கிழமை கையுறையும் மாதிரி எடுக்கும் மூடிக் குவளையும் கொண்டுபோனேன். எங்கள் ஆய்வுகூடத்தில் குதிரைக்கு மயக்கமருந்து பார்க்க வசதி இல்லை. அது தெரிந்தும் கொண்டுபோனேன். பிள்ளைகள் ஹெல்மெட் போடுகிற நேரம், வேலியோரம் கிடந்த குதிரை லத்தியை ஈர்க்கால் கிளறினேன். கடலைத் தோல். வாழைப்பழத் தோலின் நார். இரண்டு பேரீச்சங்கொட்டைகள்.

பேரீச்சம்பழம். கட்டாரில் பதினாலு வருடம். மாத்திரையைப் பழத்துக்குள் வைத்துக் கொடுக்கிறார் என்று கொப்பியில் எழுதினேன். நிமிர்ந்தபோது நானா கொட்டில் வாசலில் நின்று என் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்ஸுக்கு என்ன துலைஞ்சது?"

"ஒண்டுமில்லை நானா. சும்மா."

அவருடைய தண்ணீருக்கு என்னுடைய சும்மா. அன்று முழுக்க அவர் என் கைகளையே பார்த்தார், நான் அவருடைய சட்டைப் பையையே பார்த்தேன்.

வீட்டில் அக்காவிடம் சொன்னேன், இந்தக் கிழமையோடு நிறுத்துவோம் என்று. அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டே, "நீயே போய் அவளிட்டச் சொல்லு," என்றாள். போனேன். மகள் கதிரையின் கைப்பிடியில் தலையணையைக் கட்டி, அதன்மேல் காலை அகட்டி உட்கார்ந்து, என் சால்வையைக் கடிவாளமாகப் பிடித்திருந்தாள். கதிரை ஆடியது. அவள் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். வாசலிலேயே திரும்பிவிட்டேன். இன்னும் ஒரு கிழமை, போத்தலில் இருந்து ஒரு மாதிரி, பிறகு முடிவு.

ஆறாவது சனிக்கிழமை சோளகக் காற்று மணலை அள்ளி முகத்தில் எறிந்தது. நானா மண்ணிறக் குதிரையைக் கட்டப் போன நேரம் கொட்டிலின் பின்னால் போனேன். போத்தல் வைக்கோலுக்குள் இருந்தது. மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். ஓமம். வயிற்று ஊதலுக்குக் குழந்தைக்குக் கொடுப்பார்களே, அந்த ஓமத் தண்ணீர். இதற்குள் வேறென்ன கலந்திருக்கிறது என்றுதான் நினைத்தேனே தவிர, வேறு திசையில் மனம் போகவில்லை. குவளையில் கொஞ்சம் ஊற்றுமுன் மகளின் முறை வந்துவிட்டது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவள் ஹெல்மெட்டோடு அங்கவடிக்குப் பக்கத்தில் நின்றாள். பட்டியலில் ஆறையும் பார்த்தேன். பழக்கத்தில் ஏழாவதையும் செய்தேன்.

அரைச் சுற்றுப் போயிருக்கும். குதிரை நின்றது. கழுத்தைத் திருப்பித் தன் வயிற்றைத் தானே பார்த்தது. முன்னங்காலால் மணலை இரண்டு தரம் பிறாண்டியது. பிறகு அதன் முழங்கால்கள் மடியத் தொடங்கின.

நான் வேலியைத் தாண்டுமுன் நானா மகளை இழுத்து எடுத்துவிட்டார். அவள் உட்கார்ந்திருந்த அதே சேணத்தோடு குதிரை சரிந்து படுத்தது. மகள் அழவில்லை. நானாவின் தோளில் இருந்து குதிரையையே பார்த்தாள்.

"என்ன குடுத்தனீங்கள் இதுக்கு?" என்று கேட்டேன். கத்தக் கூடாது என்ற மூன்றாவது விதியை அங்கேயே உடைத்தேன். "உண்மையைச் சொல்லுங்கோ, என்ன மருந்து?"

"மருந்தோ?" அவர் மகளை என்னிடம் தந்துவிட்டு, சட்டைப் பையில் இருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்து விரித்தார். "மிஸ், இத நான் உங்களிட்டக் கேக்க வேணும். கிழமைக்குக் கிழமை என்ட கொட்டிலுக்க கிடக்குது. திருநீறு பூசின வாழைத்தோல். எண்ணெய் மணக்கிற பாண். என்னமோ இனிப்பு ஒட்டின ஓலை. ஆரோ என்ட குதிரைக்குச் சூனியம் செய்யிறாங்க எண்டு நினைச்சன். பிறகு நீங்க கையுறை போட்டு லத்தியக் கிண்டுறதக் கண்டன். நீங்கதான் எண்டு முடிவே எடுத்திட்டன்."

"அப்ப ஓமத் தண்ணி?"

"நீங்க வரத் தொடங்கின கிழமையில இருந்தே வயிறு ஊதிக் கிடக்கு. குதிரைக்குச் சுகமில்ல எண்டு தெரிஞ்சா நீங்க எல்லாரும் பிள்ளையளக் கூட்டிக்கொண்டு போயிடுவீங்க. அதான் மறைச்சன்." சொல்லிக்கொண்டே மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி பிடித்தார்.

"வாறன். அதுக்கு முதல், என்ன சாப்பிட்டது எண்டு சொல்லுங்கோ," என்றது வைத்தியரின் குரல். "ஒண்டும் விடாமச் சொல்லுங்கோ. எவ்வளவு எண்டும் வேணும். பிழையாச் சொன்னா பிழையா மருந்து போகும், குதிரை தப்பாது."

எல்லோரும் மணலைப் பார்த்தார்கள். நான் மகளை இறக்கிவிட்டுக் கொப்பியைத் திறந்தேன். கேட்டு எழுதுவது எனக்குத் தெரிந்த வேலை.

முதலில் எருக்கலம்பிட்டித் தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார். "பேரீச்சம்பழம். ஓதின தண்ணியில ஊறவச்சது. மகன விழுத்திடக் கூடாது எண்டு... ஒவ்வொரு கிழமையும் ஏழு."

"கொட்டையோடயா ராத்தா?"

"கொட்டைய எடுத்திட்டா எச்சிப்பட்ட மாதிரி இரிக்குமே, மிஸ்."

நானா தலையில் கையை வைத்தார். அடுத்தது கடற்கரைத் தாய். "அந்தோனியார் கோயில்ல மந்திரிச்ச பாண். மந்திரிச்ச எண்ணெயும் தடவி."

"எவ்வளவு?"

"அரைப் பாண். போன கிழமை மட்டும் முழுப் பாண். அண்டைக்கு என்ர பெடி, ஓடவிடப் போறன் எண்டு நிண்டவன்."

கமக்காரத் தகப்பன் யாரும் கேட்குமுன் சொன்னார். "பிள்ளையாருக்குப் படைச்ச கடலை, ஒரு சிரட்டை. ரெண்டு வாழைப்பழம்."

"அண்ணை, மாடு இப்பிடி நிண்டா வைத்தியருக்குப் போன் அடிப்பம் எண்டது நீங்கள்தானே?" என்றேன்.

"ஓம் பிள்ளை. ஆனா மாட்டுக்கு ஒருநாளும் கடலை குடுக்கிறேல்லை."

"இன்னும்?" என்றது தொலைபேசி.

"அவ்வளவுதான், டொக்டர்," என்று நான் சொன்னேன்.

"சித்தி பனங்கட்டி குடுத்தவ," என்றாள் மகள். குரலில் குற்றச்சாட்டு இல்லை. பள்ளிக்கூடத்தில் வரவு சொல்வதுபோலச் சொன்னாள். "ஒவ்வொரு கிழமையும். இண்டைக்கும். ஒரு குட்டான்ல பாதி."

நான்கு பெரியவர்களும் என்னைப் பார்த்தார்கள். கடற்கரைத் தாய் கொப்பியை விரலால் தட்டினார். "எழுதுங்கோ மிஸ், உங்கடையையும் எழுதுங்கோ. வடிவா எழுதுங்கோ."

எழுதினேன். அடியில் நானாவின் ஓமத் தண்ணீரையும் சேர்த்து, முழுவதையும் தொலைபேசிக்கு வாசித்தேன். "ஒரு பெட்டிக்கடையே உள்ளுக்கு இருக்கு," என்றார் வைத்தியர். "நான் வருமட்டும் எழுப்பி நடத்துங்கோ. புரள விடாதேங்கோ."

அவர் வந்து ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். இனி நடையும் பொறுமையும்தான் என்றார். நான் கால் மணித்தியாலத்துக்கு ஒருவராக முறை போட்டேன். எங்கள் பிள்ளைகளைச் சுமந்த சுற்றிலேயே நாங்கள் ஒவ்வொருவராகக் குதிரையைக் கூட்டிக்கொண்டு நடந்தோம். என் முறையில் நானாவும் கூட வந்தார்.

"கழுதை மாதிரித்தான் எண்டு நினைச்சிட்டம், நானா."

"குதிரைக்குச் சத்தி எடுக்க ஏலாது, மிஸ். உள்ளுக்குப் போனா போனதுதான்." கொஞ்சத் தூரம் நடந்தோம். "எனக்குக் கோவம், நீங்க எழுதிக்கொண்டே இருந்ததுதான். ஒரு நாள் வாயத் திறந்து கேட்டிருக்கலாம்."

"கேட்டனான். தண்ணி எண்டு சொன்னீங்கள்."

அவர் குதிரையை நிறுத்தி, அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார்.

மத்தியானத்துக்குப் பிறகு, கமக்காரத் தகப்பனின் முறையில், "போட்டிட்டுது! போட்டிட்டுது!" என்று சத்தம் கேட்டது. எல்லோரும் ஓடினோம். குதிரை லத்தி போட்டதற்காக இவ்வளவு பேர் கைதட்டியது அந்தத் தீவில் முதல் தடவையாக இருக்கவேண்டும். நான் குனிந்து பார்த்தேன். பேரீச்சங்கொட்டைகள். எண்ணிக்கொண்டு நிமிர்ந்தேன். நானா அந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்று கிழமை வகுப்பு இல்லை. அதன்பிறகு போன முதல் சனிக்கிழமை, வாசலில் நானா நின்று எல்லோருடைய பைகளையும் பார்த்துத்தான் உள்ளே விட்டார். வெள்ளைக் குதிரை நிமிர்ந்து நின்றது. காது இரண்டும் தனித்தனியாகத் திரும்பின. காற்றில் ஒரு பொலித்தீன் பை பறந்து வர, பக்கவாட்டில் ஒரு எட்டு வைத்து மூக்கால் ஊதியது.

மகள் வேலியோடு நின்றுவிட்டாள். "இது அந்தக் குதிரை இல்லை."

"அதேதான், மகள்," என்றார் நானா.

"அது நித்திரை கொள்ளும். இது முழிச்சிருக்கு. மாத்திப்போட்டீங்கள்."

நானா என்னைப் பார்த்தார். இத்தனை கிழமையும் அவள் ஏறியது வயிறு ஊதிப்போன ஒரு குதிரையில். அவள் பழகியது அதன் நோயோடு. முழித்திருக்கிற குதிரையில் அவள் இன்னும் ஒருமுறைகூட ஏறவில்லை. அவளுடைய இடது கை, முறிவுக்கு மாக்கட்டுப் போட்டிருந்த நாட்களில் இருந்ததுபோல, விலாவோடு ஒட்டியிருந்தது.

அவள் குதிரையின் பின்பக்கத்தை அகல விட்டுச் சுற்றி நடந்தாள். இடது காதுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தாள். முன் முழங்காலின் பழைய தழும்பைத் தேடிக் கண்டுபிடித்தாள். இரண்டும் இருந்தன. அது அவளுக்குப் போதவில்லை.

"சித்தி, கையைக் காட்டுங்கோ."

இரண்டு கையையும் விரித்தேன். மணந்து பார்த்தாள்.

"சவர்க்காரம்தான்," என்றேன்.

"சட்டைப் பை?"

உள்புறத்தை வெளியே இழுத்துக் காட்டினேன்.

"வேலிக்கு வெளியில போய் நில்லுங்கோ."

போனேன். மற்ற மூவரும் ஏற்கெனவே அங்கே நின்றார்கள். பக்கத்தில் ஒரு கழுதை பாண் பை ஒன்றை நிதானமாகச் சப்பிக்கொண்டிருந்தது. ஹெல்மெட் வாரை அவளே இழுத்துப் பார்த்தாள். வயிற்றுவாருக்குள் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தாள். பிறகு மூச்சு. வெளியில் நின்று எண்ணினேன். வழக்கமாக மூன்று. அன்று பதினொன்று வரை போனது. காலை அங்கவடியில் வைத்தாள், குதிரை அசைந்தது, காலை எடுத்துவிட்டாள். நானா கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். அவள் திரும்பவும் வைத்தாள். ஏறினாள்.

அரைச் சுற்றில் குதிரை தானாக நான்கைந்து எட்டுத் துள்ளி ஓடியது. அவள் பிடரிமயிரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, "நில்!" என்று கத்தினாள். நின்றது. அவள் இறங்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. "மாமா, இனி நட எண்டு சொல்லட்டோ?" என்று நானாவிடம் கேட்டாள்.

கடற்கரைத் தாய் என் காதுக்குக் கிட்ட வந்தார். "உண்மையைச் சொல்லுங்கோ மிஸ். இண்டைக்கு ஒண்டும் குடுக்கேல்லைத்தானே?"

"இல்லை. நீங்கள்?"

"செபம் மட்டும்."

நான் அவருடைய கைப்பையைப் பார்த்தேன். அவர் என்னுடையதைப் பார்த்தார். உள்ளே, வெள்ளைக் குதிரை இரண்டாவது சுற்றைத் தொடங்கியிருந்தது.